சஷ்டி வீட்டில் மீன் மணம்

கந்தசஷ்டி தொடங்கிய மறுநாள் பின்னேரம், நாகேஸ்வரி பூத்தட்டோடு சாமி அறைக்குப் போகும்போது மூக்கில் மீன் வெடுக்கு அடித்தது. முதலில் அவள் கடலைத்தான் குறை சொன்னாள். கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கிட்டவுள்ள ஒழுங்கையில் குடியிருப்பவர்களுக்குக் கடற்காற்று புதிதல்ல. ஆனால் கடல் மணம் உப்பும் ஈரமுமாக வந்து, வந்த வழியே போய்விடும். இது போகவில்லை. பழுதான மீனை யாரோ மூடிய சட்டிக்குள் வைத்துச் சூடாக்குவதுபோல வீட்டின் நடுவிலே கனத்துக் கிடந்தது. பாலும் பழமுமாக விரதம் இருந்தவள் அவள். தட்டை வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடிப்போய் ஓங்காளித்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது.

அந்த வீட்டு அடுப்பில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறியதே கிடையாது. அவளுடைய கணவர் கனகசபாபதி அரசாங்கக் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் சபையில் பேர் உள்ளவர். யுத்தத்தால் வடக்கிலிருந்து சனம் கொழும்புக்கு வந்து சேரச் சேர, அவரும் ஒழுங்கையில் உள்ள மற்றவர்களைப்போல வீட்டின் பெரிய ஹோலைப் பலகையால் மறித்து அறைகளாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். அறை கேட்டு வருபவரிடம் அவர் சொல்லும் முதல் நிபந்தனை மச்சம் கூடாது என்பது. மற்றது பொலிஸ் பதிவு. வெளியூரிலிருந்து வந்த தமிழர் எங்கே தங்கினாலும் வீட்டுக்காரர் போய்ப் பொலிஸில் சொல்லிப் பதிய வேண்டும். பொலிஸ் சுற்றிவளைப்பில் அகப்பட்டால், இவர் என் வீட்டு ஆள்தான் என்று வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வார்த்தைதான் காப்பாற்றும். அந்த வார்த்தை இல்லாதவர் உள்ளே போனால் எப்போது வெளியே வருவார் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது வீட்டில் வாடகைக்கு இருந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. முன்னறையில் வங்கியில் வேலை பார்க்கும் சிவபாலனும் அவன் மனைவி நேசமலரும். மாடியில், வெளிநாடு போக ஏஜென்சிக்காரன் சொல்லும் நாளுக்காகக் காத்திருக்கும் யோகநாதன். காஸ் அடுப்பு இருந்த குசினிக்குப் போகிற நடையின் ஓரத்துச் சின்ன அறையில் மாக்ரெட். மன்னார்ப் பெண், கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரி. கனடாவில் இருக்கும் புருஷனிடம் போக விசாவுக்குக் காத்திருந்தாள். தையல் மெஷின் ஒன்று வைத்துச் சட்டை தைத்துக் கொடுத்துத் தன் செலவைப் பார்த்துக்கொண்டாள். சத்தம் போட்டுக் கதைக்காதவள்.

மணம் மாக்ரெட்டின் அறை வாசலில்தான் கூட அடித்தது. அதுவே போதுமாக இருந்தது.

"மன்னார் ஆக்களுக்கு மீன் இல்லாட்டிச் சோறு தொண்டைக்குள்ளை இறங்குமே, அக்கா?" என்று முதலில் வாயைத் திறந்தவள் நேசமலர். யோகநாதன் மாடிப்படியில் நின்றபடி, தான் கடல் தாண்டிப் போவதற்கு முந்திக் கடலே வீட்டுக்கு வந்துவிட்டது என்று பகிடி விட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நாகேஸ்வரியும் கொஞ்சம் சிரித்தாள். அறைக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

அடுத்த நாளும் அதே நேரத்தில், நைவேத்தியம் அடுப்பில் கொதிக்கிற வேளையில், அதே வெடுக்கு. சஷ்டிக்கென்று நாகேஸ்வரி புதிதாக ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வைத்திருந்தாள். வாடகைக்காரர் கை படுகிற காஸ் அடுப்பில் முருகனுக்குப் பொங்க அவளுக்கு மனம் வரவில்லை. அவ்வளவு சுத்தம் பார்த்துச் சமைத்ததை மீன் மணத்துக்குள்ளாலே தூக்கிக்கொண்டு சாமி அறைக்குப் போக வேண்டியிருந்தது. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. தட்டை வைத்துவிட்டு நேரே மாக்ரெட்டின் அறைக் கதவைத் தள்ளினாள்.

அங்கே இருந்த சட்டிகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். பருப்பு, கீரை, ஒரு கிண்ணத்தில் தேங்காய்ச் சம்பல். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். குப்பை வாளியைக் கிளறினாள். வெட்டிய துணித் துண்டுகளும் நூலும்தான். நடையில் எல்லோரும் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு திரும்ப அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் அவளை அடுத்த காரியத்தைச் செய்ய வைத்தது.

"கையை நீட்டும்," என்றாள்.

மாக்ரெட்டுக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்த கைகளை மெல்ல நீட்டினாள். நாகேஸ்வரி அந்த விரல்களைப் பிடித்துத் தன் மூக்கடிக்குக் கொண்டுபோய் மணந்து பார்த்தாள். இன்னொரு பெண்ணின் கையை, நாயைப்போல. சவர்க்கார மணமும் மெஷின் எண்ணெய் மணமும் வந்தன. ஊசி குத்திய தழும்புகள் நுனிவிரலில் கரடுமுரடாகப் பட்டன.

"நான் மீனைக் கண்ணாலை கண்டே கனநாள், அக்கா," என்றாள் மாக்ரெட்.

"தேசிக்காய் தேய்ச்சுக் கழுவினா மணம் போகாதோ?" என்று வாசலில் நின்ற நேசமலர் கேட்டாள்.

தன் கையில் மணம் இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்று ஆன பிறகு மாக்ரெட் கைகளைத் திரும்ப நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். கனகசபாபதி குரலை உயர்த்தாமல், பூசைக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக, சூரசம்ஹாரத்துக்கு முதல் வீடு சுத்தமாக வேண்டும், வேறு இடம் பார்ப்பது நல்லது என்று சொன்னார். பண்போடு சொன்னதால் அது பண்பான காரியம் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தோன்றியது.

மறுநாள் காலை கொட்டாஞ்சேனையில் உள்ள ஒன்றுவிட்ட சகோதரி வீட்டுக்கு மாக்ரெட் புறப்பட்டாள். ஆட்டோவில் மெஷினை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். எதையோ மறந்துவிட்டாளாக்கும் என்று நாகேஸ்வரி நினைத்தாள். அவள் நடைச் சுவரைக் காட்டி, "அக்கா, இந்தப் பிளக்கைக் கவனமாப் பாருங்கோ. ரெண்டு மூண்டு நாளாத் தொட்டாச் சுடுது," என்றாள். போகும்போதும் ஏதோ ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் போகிறாள் என்று நாகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று முழுக்க வீடு கழுவினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மாக்ரெட்டின் அறையை நேசமலர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உரஞ்சி உரஞ்சிக் கழுவினாள். பின்னேரம் எல்லோரும் முழுகி, பட்டும் வேட்டியுமாகச் சாமி அறை முன்னால் கூடினார்கள். குசினியில் சர்க்கரைப் பொங்கல் கொதித்தது. கனகசபாபதி மணியை எடுத்தார். நேசமலர் முருகன் பாட்டைத் தொடங்கினாள்.

அப்போது அந்த மணம் வந்தது.

முந்திய நாட்களைவிடப் பலமாக வந்தது. வாய்க்குள்ளே போய் நாக்கில் ஒட்டியது. நாகேஸ்வரி பக்கத்தில் பார்த்தாள். சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். நேசமலரின் மூக்கு விடைத்து அடங்கியது. ஆனால் அவள் பாட்டை நிறுத்தவில்லை, இன்னும் கொஞ்சம் பலத்துப் பாடினாள். யோகநாதன் நிலத்தைப் பார்த்தான். நேற்று வரை நடை முழுக்க மோப்பம் பிடித்துத் திரிந்தவர்களில் ஒருவருக்கும் இன்று மூக்கு இல்லை. மணக்கிறது என்று சொன்னால், அடுத்ததாக, மாக்ரெட்டை அநியாயமாகத் துரத்தினோம் என்று சொல்ல வேண்டி வரும். கனகசபாபதி தணலில் இன்னொரு பிடி சாம்பிராணியைப் போட்டார். வெள்ளைப் புகை எழும்பி மீன் மணத்தோடு கலந்தது. அந்தக் கலவையைப்போல அருவருப்பான ஒன்றை நாகேஸ்வரி தன் ஆயுளில் முகர்ந்ததில்லை. புகைக்கு நடுவில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனும் மூக்கைப் பொத்திக்கொண்டால் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் கும்பிட்ட கையை எடுத்துவிட்டு நடைக்கு வந்தாள். ஆளில்லாத அறை கழுவின ஈரத்தோடு திறந்து கிடந்தது. தொட்டால் சுடுகிறது என்று மாக்ரெட் காட்டிய பிளக் அந்த வாசலோரச் சுவரில் இருந்தது. வெள்ளையாக இருந்த மூடி கருகிய அப்பத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. கிட்ட முகத்தைக் கொண்டுபோனாள். வெடுக்கு அங்கேயிருந்துதான் வந்தது. சுவருக்குள்ளே ஏதோ நொறுநொறுவென்று மென்றுகொண்டிருந்தது. விரலால் தொட்டாள். சுட்டது.

மெயின் சுவிச்சை அவள் இழுத்து நிறுத்தியபோது சாமி அறையில் பாட்டும் நின்றது.

மறுநாள் காலை, கரண்ட் வேலை செய்யும் மஷூர் வந்து மூடியைக் கழற்றினான். உள்ளே பிளாஸ்டிக் உருகி, நரி தின்ற எலும்புபோலக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. செம்பு நிறமில்லை, சாம்பல் நிறம். இது அலுமினியக் கம்பி, சூடேறினால் நீளும், ஆறினால் சுருங்கும், அப்படியே ஸ்குரூவிலிருந்து தளர்ந்துவிடும், தளர்ந்த இடத்தில் நெருப்புப் பிடிக்கும் என்று மஷூர் சொன்னான். மீன் மணம் உருகுகிற பிளாஸ்டிக்கில் இருந்து வருவதாம். தான் போகிற பழைய வீடுகளில் முதலில் எல்லோரும் பூனையைத்தான் தேடுவார்கள் என்று சிரித்தான். பூனையைத் தேடினால் பரவாயில்லை என்று நாகேஸ்வரி நினைத்தாள்.

"இந்த லைன்லதான் குசினிக்கும் கரண்ட் போகுது. கிட்டடியில புதுசா என்னத்தயும் போட்டீங்களா, அம்மா?" என்று அவன் கேட்டான்.

அவள் திரும்பிக் குசினியைப் பார்த்தாள். நைவேத்தியம் பொங்கிய புது அடுப்பு பளபளவென்று இருந்தது. சஷ்டி தொடங்கிய அன்று வாங்கியது. மாக்ரெட்டின் விரலில் தேடிய மணத்தை, அவள்தான் ஒவ்வொரு பின்னேரமும் மூட்டியிருக்கிறாள். நைவேத்தியத்தின் சுத்தத்துக்காக. முந்தாநாள் அந்த விரல்களை மணந்த தன் மூக்கை வெட்டி எறியலாம்போல இருந்தது.

கனகசபாபதிக்கு இது எதுவும் புதினமாக இருக்கவில்லை. "அலுமினியம்தான். வீடு கட்டேக்கையே தெரியும். அந்த நேரம் சாமான் இறக்குமதி இல்லை, செம்பு எங்கை கிடைச்சது?" என்றார். அறைகளை மறித்தபோதும் கம்பியை மாற்றச் சொன்னார்களாம். சுவரெல்லாம் உடைக்க வேண்டி வரும் என்று, பழைய கம்பியிலேயே அறைக்கு அறை பிளக் எடுக்கச் சொன்னவர் அவர்தான். மஷூரிடம் ஸ்குரூவை இறுக்கி, புது மூடி போட்டு, பார்வைக்குச் சரியாக்கிவிடச் சொன்னார். பிறகு மனைவியை ஒரு பக்கம் கூப்பிட்டு, வாடகைக்காரர் காதில் இது விழ வேண்டாம், சனம் பயந்து எழும்பிப் போய்விடும் என்றார்.

"அப்ப அந்தப் பெட்டை?" என்று அவள் கேட்டாள்.

"போனது போயிட்டா. இனி ஏன் கிண்டுவான்?"

அவள் மறுமொழி சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. அவர்தான் எடுத்தார். எடுத்த உடனே முதுகு வளைந்து, குரல் தேனாக மாறி, சிங்களத்துக்குப் போனது. கொட்டாஞ்சேனைப் பொலிஸ் நிலையத்தில் இருந்து கதைக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கியது. மாக்ரெட்டின் பெயர் கேட்டது. விடியற்காலை அந்தத் தெருவில் சுற்றிவளைப்பு நடந்திருக்கிறது. வெள்ளவத்தை விலாசத்தில் பதிந்திருக்கிறவள் ஏன் கொட்டாஞ்சேனையில் படுத்திருந்தாள், அவள் உங்கள் வீட்டு ஆள்தானா என்று கேட்கிறார்கள்.

கனகசபாபதி இல்லை என்றார். அப்படி ஒரு ஆள் இங்கே கொஞ்ச நாள் இருந்தது உண்மை, நடத்தை பிடிக்காமல் அனுப்பிவிட்டோம், இப்போது எங்களுக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்றார். சொல்லி முடித்து, சேர் என்று இரண்டு முறை சொல்லி, தொலைபேசியை மெதுவாக வைத்தார். நெற்றியில் விபூதி கலையாமல் இருந்தது.

நாகேஸ்வரிக்கு மறுபடியும் குமட்டிக்கொண்டு வந்தது. மீன் மணமும் இல்லை, சாம்பிராணியும் இல்லை. முப்பது வருஷமாகத் தன் பக்கத்தில் படுத்த மனிதரின் வாயிலிருந்து வந்தது அது. அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த ஒருவர் தன்னைக் காப்பாற்ற இன்னொருத்தியை நெருப்பில் தள்ளுவதை அவள் இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. தானும் சேர்ந்து தள்ளியவள்தானே என்ற நினைவு அதைவிட நாறியது.

மெயின் சுவிச்சில் யாரும் கை வைக்கக் கூடாது, சுவரை உடைத்துக் கம்பி மாற்றும் வரை இந்த வீட்டில் விளக்குத்தான் என்று மஷூரிடம் சொன்னாள். தேசிய அடையாள அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டே, "பொலிசுக்கு," என்றாள். அவர் வாசல் வரை பின்னால் வந்தார். தெருப் படலைக்கு அப்பால் வரவில்லை.

புறக்கோட்டையில் பஸ் மாறி அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. பொலிஸ் நிலைய மர வாங்கில், நேற்றைய அதே சட்டையோடு மாக்ரெட் இருந்தாள். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பெண், சுடுதண்ணிப் போத்தலில் இருந்து மூடியில் தேநீர் ஊற்றி அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். சகோதரி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரி, பெயர் றலியா என்று பிறகு தெரிந்தது. மாக்ரெட்டை அவள் முந்திய நாள்தான் முதன்முதலாகக் கண்டிருக்கிறாள். சகோதரி பயத்தில் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம், மாக்ரெட்டின் கைப்பையையும் உடுப்புப் பொட்டலத்தையும் றலியாவிடம் கொடுத்துவிட்டாளாம்.

"தனியா ஒரு பொம்புளயக் கொண்டுபோறாங்க, பாத்துக்கிட்டு நிக்க ஏலுமா?" என்றாள் றலியா, யாரும் கேட்காமலே. "அவவுட வூட்டுக்கார ஆளாம், தெரியாதுன்னு செல்லிட்டான். அவனுக்கெல்லாம் அல்லாஹ் இருக்கான்."

நாகேஸ்வரி அந்த ஆளின் பெண்சாதி நான்தான் என்று சொன்னாள். றலியா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள். நாகேஸ்வரி இருக்கவில்லை. மாக்ரெட்டின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நேரே மேசைக்குப் போனாள்.

அங்கே இருந்த சார்ஜன்ட், காலையில்தானே உங்கள் ஐயா தொடர்பில்லை என்றார், இப்போது நீங்கள் வந்து இருக்கிறது என்கிறீர்கள், எதை நம்புவது என்று கேட்டார். புருஷனைப் பொலிஸிடம் பொய்யன் என்று சொன்னால் நாளைக்கு அந்த வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். அது அவளுக்குத் தெரியும். கடைக்காரரோடு பேசிப் பழகிய அரைகுறைச் சிங்களத்தில், "மஹத்தயா கிவ்வே பொரு," என்றாள். ஐயா சொன்னது பொய். அதோடு நிறுத்தவில்லை. வீட்டில் மீன் மணந்ததையும், அவளுடைய கையை மணந்து பார்த்ததையும், துரத்தியதையும், பிறகு சுவருக்குள் கம்பி எரிந்ததையும் தெரிந்த சொற்களைக் கொண்டு சொன்னாள். சொல் வராத இடத்தில் தன் விரல்களை மூக்கடியில் பிடித்துக் காட்டினாள்.

சார்ஜன்ட் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். சிரிப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. தன் அம்மாவும் போயா என்கிற பௌர்ணமி விரத நாட்களில் வீட்டில் மீன் சேர்ப்பதில்லை என்றார். வெள்ளவத்தை விலாசத்துக்கே கூட்டிக்கொண்டு போவதானால், நீங்கள் பொறுப்பு என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போகலாம் என்றார். அவள் வைத்தாள்.

வெளியே வந்து இருவரும் பஸ் ஏறினார்கள். கடற்கரைப் பக்கம் பஸ் திரும்பியபோதுதான் மாக்ரெட் வாயைத் திறந்தாள். மன்னிப்பைப் பற்றியோ கண்ணீரைப் பற்றியோ அவள் கதைக்கவில்லை. "அந்த அறையிலை இப்ப ஆரும் படுக்கினமோ?" என்று கேட்டாள். இல்லை, கரண்டை முழுக்க நிறுத்தியாயிற்று, நீ என்னுடைய அறையில் படு என்று நாகேஸ்வரி சொன்னாள். தன்னைத் துரத்திய வீட்டில் யாரும் சாகக் கூடாது என்று கேட்கிறாளே என்று அவள் நினைத்தாள்.

"நான் வேற வழியில்லாமல்தான் வாறன், அக்கா," என்றாள் மாக்ரெட். "ஆனா எல்லாருக்கும் முன்னாலை என்ரை கையை மணந்தனீங்கள். அவையளுக்கு முன்னாலை சொல்லுவியளோ?"

"ஓம். சொல்லுறன்."

வீட்டில் எல்லோரும் நடையில்தான் இருந்தார்கள். சிவபாலனும் வங்கியிலிருந்து வந்துவிட்டான். மஷூர் திறந்தபடி விட்டுப்போன சுவர் ஓட்டை கறுப்பாக இருந்தது. கனகசபாபதி மாக்ரெட்டைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பினார். நாகேஸ்வரி செருப்பைக்கூடக் கழற்றாமல் கதைக்கத் தொடங்கினாள். மணந்தது மீன் இல்லை, இந்தக் கம்பி, மாக்ரெட்டின் கையைத் தான் மணந்து பார்த்தது பிழை என்றாள். மூட்டியது தன்னுடைய நைவேத்திய அடுப்பு என்றாள். இந்த வீட்டுச் சுவர் முழுக்க இதே கம்பிதான், இதுவரை எரியாதது கடவுள் செயல், பயமென்றால் வேறு இடம் பார்க்கலாம், ஒருவர்மேலும் கோபமில்லை என்றாள். கடைசியாக, "நேற்றுப் பூசையிலை எல்லாருக்கும் மணந்தது. எனக்கும் மணந்தது. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை," என்றாள்.

கனகசபாபதி எழும்பிய கதிரையில் திரும்ப இருந்தார். யோகநாதனுக்குப் பகிடி வரவில்லை. சிவபாலன் சுவர் ஓட்டைக்குள் பார்த்துக்கொண்டே நின்றான்.

மாக்ரெட் கைப்பையும் உடுப்புப் பொட்டலமுமாக வாசல்படியில் நின்றாள். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட யாருக்கும் முகமில்லை. அப்போது நேசமலர் எழும்பி வந்தாள். அவளுடைய கழுத்து வரை சிவந்திருந்தது. மாக்ரெட்டின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடித்தாள். மாக்ரெட் விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நேசமலர் இழுக்கவுமில்லை, கையை எடுக்கவுமில்லை.

பிறகு மாக்ரெட் பிடியைத் தளர்த்தினாள்.